மலையில் மோதும் சிறு விமானங்களும் செவிமடுக்கப்படாத எச்சரிக்கைகளும்

நேபாளத்தின் பொக்காரா நகரிலிருந்து ஜோம்சோம் என்ற மலையூரைச் சென்றடைய விமானத்துக்குச் சுமார் இருபது நிமிடங்கள் போதும். 2022ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை 9.55 மணிக்குப் பொக்காராவிலிருந்து 22 பேருடன் புறப்பட்ட தாரா எயார் நிறுவனத்தின் டுவின் ஒட்டர் விமானம் ஜோம்சோமைச் சென்றடையவில்லை. மேகமும் பனியும் சூழ்ந்திருந்தமையால் அன்றைய தினம் தேடுதல் பணிகளை இடைநிறுத்த வேண்டியதாயிற்று. விமானியின் கைத்தொலைபேசி எங்கிருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் உதவியுடன் அறிந்துகொண்ட பின்னரே தேட வேண்டிய பகுதி தெளிவாகியது. மறுநாள் காலை, முஸ்தாங் மாவட்டத்தில் 13,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், செங்குத்தான மலைச்சரிவொன்றில் சிதறிக்கிடந்த விமானத்தை நேபாள இராணுவத்தினர் கண்டனர். அதில் பயணம் செய்த 16 நேபாளியர், நான்கு இந்தியர், இரு ஜேர்மனியர் ஆகியோரில் எவரும் உயிர் தப்பவில்லை.

விபத்துச் செய்தி வெளியானதும் முதலில் பேசப்பட்டது விமானத்தின் வயது பற்றியே ஆகும். அவ்விமானம் 1979ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்டது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் பழைமையான விமானத்தில் மக்களை ஏற்றிச் செல்லலாமா என்று பலரும் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், அதற்கான விடை ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே அதே பாதையில் கிடைத்திருந்தது என்பதைப் பலர் மறந்திருந்தனர்.

2016ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி காலை, அதே தாரா எயார் நிறுவனத்தின் வேறொரு டுவின் ஒட்டர் விமானம், அதே பொக்காராவிலிருந்து அதே ஜோம்சோமுக்குப் புறப்பட்டது. அதுவும் மலையில் மோதியது. குழந்தைகள் உட்பட அதிலிருந்த 23 பேரும் மாண்டனர். அந்த விமானமோ முந்திய ஆண்டில்தான் தயாரிக்கப்பட்டது. நவீன கருவிகள் அனைத்தும் பொருத்தப்பட்டது. இரு விபத்துகளிலும் தலைமை விமானிகள் பல்லாயிரம் மணித்தியாலப் பறப்பு அனுபவம் மிக்கவர்கள். ஒரே நிறுவனம், ஒரே பாதை. ஒன்று மிகப் பழைய விமானம், மற்றையது புத்தம் புதியது. இரண்டின் இயந்திரங்களும் மோதும் கணம் வரையில் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தன. ஆகவே, விமானத்தின் வயதைப் பேசிக்கொண்டிருப்பது உண்மையான காரணத்திலிருந்து நம்மைத் திசைதிருப்புவதாகும்.

விமானத்துறையினர் இத்தகைய விபத்துகளைத் தனியொரு வகையாகவே கணிக்கின்றனர். எவ்விதக் கோளாறுமின்றி, விமானியின் முழுமையான கட்டுப்பாட்டில் பறந்துகொண்டிருக்கும் விமானம், எதிரே நிலம் இருப்பது அறியப்படாமலேயே அதில் மோதுவதே இவ்வகை விபத்தாகும். பயணிகள் பலருக்கு அச்சப்படுவதற்குக்கூட அவகாசம் கிடைப்பதில்லை. விமானம் கட்டுப்பாட்டை இழக்கவில்லை; விமானிதான் தாம் இருக்குமிடம் பற்றிய உணர்வை இழந்திருக்கிறார்.

இவ்விதம் நிகழ்வது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் பாதையைச் சற்று நோக்க வேண்டும். பொக்காரா கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடிக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. ஜோம்சோம் விமானத் தளமோ ஏறத்தாழ 9,000 அடி உயரத்தில் அமைந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே காளி கண்டகி நதியின் பள்ளத்தாக்கு. அதன் ஒருபுறம் 8,167 மீற்றர் உயரமான தௌளாகிரி, மறுபுறம் 8,091 மீற்றர் உயரமான அன்னபூர்ணா. உலகின் மிக உயர்ந்த பத்துச் சிகரங்களுள் அடங்கும் இவ்விரண்டுக்கும் நடுவே, நதி சென்ற வழியே விமானமும் செல்கிறது. டுவின் ஒட்டர் போன்ற, பத்தொன்பது பயணிகள் மாத்திரமே அமரக்கூடிய சிறு விமானங்கள் இச்சிகரங்களுக்கு மேலாகப் பறப்பதில்லை. அவற்றின் கூடங்களில் பெரிய விமானங்களில் உள்ளதைப் போன்ற காற்றழுத்த வசதி கிடையாது. மலைகளுக்கு இடையே புகுந்து செல்வதுதான் வழி.

சாளக்கிராமக் கற்கள் கிடைப்பது இந்த நதியில்தான். ஜோம்சோமுக்கு அப்பால் உள்ள முக்திநாத், வைணவர்களின் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. தமிழகத்திலிருந்து யாத்திரை செல்வோர் அங்கு ஏராளம். பௌத்தர்களுக்கும் அது புனிதத் தலம். எனவே இந்த இருபது நிமிடப் பயணத்தை மலையேறிகளுக்கும் உல்லாசப் பயணிகளுக்கும் மட்டும் உரியதென்று கருதிவிட முடியாது. கைக்குழந்தையுடன் வீடு திரும்பும் உள்ளூர்வாசியும், வாழ்நாளில் ஒரு முறையேனும் தரிசித்துவிட வேண்டுமென்று பணம் சேர்த்துவந்த முதியவரும் அடுத்தடுத்த ஆசனங்களில் அமர்ந்து செல்லும் பாதை அது.

இந்தப் பள்ளத்தாக்குக்கென்று ஓர் இயல்பு உண்டு. முற்பகல் கடந்ததும் தெற்கிலிருந்து கடுங்காற்று வீசத் தொடங்கும். அதன் பின்னர் ஜோம்சோமில் சிறு விமானங்கள் தரையிறங்குவது ஆபத்தானது. ஆதலால் விமானச் சேவைகள் யாவும் காலை நேரத்திலேயே முடித்துக்கொள்ளப்படுகின்றன. அதிகாலையில் மேகம் மூடியிருந்தால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கக் காத்திருக்கக் காற்று எழும் நேரம் நெருங்கும். மேகம் விலகுவதற்கும் காற்று எழுவதற்கும் இடைப்பட்ட சிறிய அவகாசத்தில் அன்றைய பறப்புகளை நிறைவேற்றியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம், விமானிக்கும் நிறுவனத்துக்கும் ஒவ்வொரு நாளும் ஏற்படுகிறது. 2022இல் விபத்துக்குள்ளான விமானம் புறப்பட்டது காலை 9.55 மணிக்கு என்பதை இந்த இடத்தில் நினைவுகூர்தல் நன்று.

விமானம் செலுத்துவதில் இரு முறைகள் உள்ளன. ஒன்று, கண்ணால் கண்டு செலுத்துவது. மலை எங்கே, நதி எங்கே, எதிரே வரும் விமானம் எங்கே என்பதை விமானி தமது கண்களால் பார்த்துத் தீர்மானிப்பார். மற்றையது, வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் கருவிகளையும் தரையிலிருந்து கிடைக்கும் சமிக்ஞைகளையும் கொண்டு செலுத்துவது. ஜோம்சோம் பாதை முதலாவது முறைக்கு மாத்திரமே உரியது. அதாவது மேகத்துக்குள் நுழையவே கூடாது. எதிரே மேகம் தென்பட்டால் திரும்பிவிட வேண்டும். நேபாளத்து மேகங்களுக்குள் பாறைகள் இருக்கின்றன என்று அந்நாட்டு விமானிகளிடையே வழங்கும் கூற்று வேடிக்கைக்காகச் சொல்லப்பட்டதன்று.

ஆனால் மலைப் பள்ளத்தாக்கில் மேகம் ஒரு சுவர்போல வந்து நிற்பதில்லை. முதலில் ஒரு துண்டு, பின்னர் இன்னொன்று. இதைக் கடந்தால் அப்பால் வெளிச்சம் தெரியும் என்ற நம்பிக்கை. நேற்றும் அப்படித்தான் கடந்தோம் என்ற அனுபவம். இவ்வாறு சிறிது சிறிதாக உள்ளே சென்றுவிட்ட பின்னர், திரும்புவதற்கான அகலம் பள்ளத்தாக்கில் இல்லாது போய்விடும். வெளியே வெண்மையைத் தவிர வேறெதுவும் தெரியாத நிலையில் மனிதனின் உடலும் அவனை ஏமாற்றுகிறது. நமது உட்செவியில் உள்ள திரவமே உடலின் சமநிலையை உணர்த்துகிறது. விமானம் மெதுவாகச் சரிந்து திரும்பும்போது அந்த உணர்வு மங்கிவிடுகிறது. நேராகச் செல்வதாகவே விமானி எண்ணுவார். இருபது ஆண்டுகள் அனுபவம் பெற்றவரின் உட்செவியும் நேற்றுப் பயிற்சி முடித்தவரின் உட்செவியும் இவ்விடயத்தில் ஒன்றே. 2016ஆம் ஆண்டு விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு, சாதகமற்ற வானிலையிலும் விமானிகள் மீண்டும் மீண்டும் மேகத்துக்குள் நுழையத் தீர்மானித்ததையும், திசையுணர்வு தடுமாறி வழமையான பாதையிலிருந்து விலகிச் சென்றதையுமே காரணங்களாகக் காட்டியது.

இந்த நிலைமைக்கு மருந்தாகவே தரை அண்மிப்பு எச்சரிக்கைக் கருவி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வரலாற்றில் இலங்கையர்களாகிய நமக்கும் ஒரு துயர நினைவு கலந்திருக்கிறது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் மலையொன்றில் மோதிய ரி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானத்தில் 92 பேர் இறந்தனர். மூன்றே நாட்களின் பின்னர், டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியாக ஜித்தா செல்லவிருந்த மார்ட்டின் எயார் விமானம், மஸ்கெலியாவை அடுத்த ஏழு கன்னியர் மலையில் மோதியது. யாத்திரிகர்கள் 182 பேரும் பணியாளர்கள் ஒன்பது பேருமாக 191 உயிர்கள் பறிபோயின. மலையகத்தில் வயது முதிர்ந்தவர்கள் மத்தியில் இன்றும் பேசப்படும் அந்த விபத்தில், கட்டுநாயக்கவை நெருங்கிவிட்டதாகத் தவறாகக் கணித்தே விமானிகள் கீழிறங்கினர். விமானத்தில் பழுதில்லை. அது பெரிய ஜெட் விமானம் என்பதைத் தவிர, முஸ்தாங்கில் நடந்ததற்கும் நமது மலையில் நடந்ததற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

வேர்ஜீனியா விபத்தின் எதிரொலியாக, பெரிய பயணிகள் விமானங்கள் அனைத்திலும் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்த வேண்டுமென அமெரிக்க அதிகாரிகள் அந்த டிசம்பரிலேயே உத்தரவிட்டனர். கனடாவில் பிறந்த பொறியியலாளரான டொன் பேட்மன் உருவாக்கிய கருவி அது. விமானத்துக்குக் கீழேயுள்ள நிலம் வேகமாக நெருங்கினால் அது குரலெழுப்பும். எனினும் நேர் எதிரே எழுந்து நிற்கும் செங்குத்துப் பாறையை அதனால் அறிய முடியவில்லை. தொண்ணூறுகளில் பேட்மனின் குழுவினர் உலகின் நிலத்தோற்றத்தை வரைபடத் தரவுகளாக்கிக் கருவிக்குள் சேர்த்தனர். சோவியத் ஒன்றியம் சிதைவுற்ற பின்னர் கைக்கெட்டிய அதன் வரைபடங்களும் இதற்கு உதவின. செய்மதி மூலம் விமானத்தின் இருப்பிடத்தை அறிந்து, முன்னே மலை உண்டா என்று வரைபடத்துடன் ஒப்பிட்டுப் பார்த்து, “டெரெய்ன், டெரெய்ன்” என்றும் “புள் அப்” என்றும் கருவி ஆங்கிலத்தில் உரக்கக் கூவும். எதிரே நிலம், மேலே ஏறு என்பது பொருள். 2023இல் தமது 91ஆவது வயதில் காலமான பேட்மன் அளவுக்கு விமானப் பயணிகளின் உயிர்களைக் காத்தவர் வேறெவருமில்லை என்று சொல்வோர் உண்டு. அதில் மிகைப்படுத்தல் இருப்பதாக நாம் கருதவில்லை. ஆயினும் சிறிய விமானங்கள் பலவற்றை இக்கருவி வந்தடைய மேலும் கால் நூற்றாண்டு சென்றது.

தாரா எயாரின் இரு விமானங்களிலும் இத்தகைய கருவி இருந்தது. 2016இல் கருவி எச்சரித்தது. விமானிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. 2022இல் கருவியின் எச்சரிக்கை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை நிறுத்தப்பட்ட நிலையில், எதிர்பாராது மேகத்துக்குள் சென்று, சரியான பாதையைக் கண்காணிக்கவும் பேணவும் தவறியமையே விபத்துக்குக் காரணம் என 2022ஆம் ஆண்டு விபத்தை விசாரித்த குழு அறிக்கையிட்டது.

இதை வாசிப்போர் விமானிகளின் பொறுப்பற்ற தன்மையென்று கூறி அப்பால் சென்றுவிடலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. இரு சுவர்களுக்கு நடுவே பறக்கும் விமானத்தில், சுவர் அருகில் இருக்கிறது என்று கத்துவதற்காகவே அமைக்கப்பட்ட கருவி ஓயாமல் கத்தும். வானம் தெளிவாக உள்ள நாளில், மலையைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் விமானிக்கு அந்தக் கூச்சல் தேவையற்றது, கவனத்தைச் சிதறடிப்பது. கண்ணால் பார்த்துத் தரையிறங்கும் இத்தகைய சந்தர்ப்பங்களுக்காகவே எச்சரிக்கையை நிறுத்திவைக்கும் விசையையும் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். தொடருந்து வராத நேரத்திலும் நாள் முழுவதும் மணி ஒலித்துக்கொண்டிருக்கும் புகையிரதக் கடவையைக் கடப்போர், காலப்போக்கில் மணியைக் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள் அல்லவா? அதுபோன்றே நூறு நாட்கள் பொய்யாக ஒலித்த கருவி, நூற்றோராவது நாள் மெய்யாக ஒலிக்கும்போது கேட்பாரற்றுப் போகிறது. தெளிந்த வானில் நிறுத்திவைத்த விசையை மேகம் சூழும்போது மறுபடி இயக்க வேண்டுமென்ற நினைவு, மேகம் சூழ்ந்த பதற்றத்தில் வருவதில்லை. இதை ஒரு விமானியின் குறையாகப் பார்ப்பதை விட, 2016இல் தெளிவாகத் தெரியவந்த ஓர் அபாயத்துக்கு ஆறு ஆண்டுகளாகப் பரிகாரம் காணாத நிறுவனத்தினதும் அதிகாரிகளினதும் குறையாகப் பார்ப்பதே பொருத்தமானது.

2022ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிட்ட இன்னொரு விடயம் நமது சமூகங்களுக்கு அந்நியமானதல்ல. தலைமை விமானி நீண்டகால அனுபவசாலி. துணை விமானியோ அந்தப் பாதையில் அனுபவம் குறைந்தவர். இருவருக்கும் இடையிலிருந்த அந்தப் பெரும் இடைவெளியும், விமானிகளிடையே ஒத்துழைப்புக் குறைவாக இருந்தமையும் விபத்துக்குத் துணைபோயின என அறிக்கை கூறியது. விமானியறையில் இருவர் அமர்வது ஒருவரின் தவறை மற்றவர் கண்டு தடுப்பதற்காகவே. ஆனால் மூத்தவரின் முடிவை இளையவர் கேள்விக்குட்படுத்துவது மரியாதைக் குறைவு எனக் கருதப்படும் சூழலில் வளர்ந்த ஒருவர், “ஐயா, திரும்பிவிடுவோம்” என்று சொல்வதற்குத் தயங்கும் அந்தச் சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். பாடசாலையிலும் அலுவலகத்திலும் வைத்தியசாலையிலும் இந்தத் தயக்கத்தை நாம் பணிவு என்று பாராட்டுகிறோம்.

இப்பாதையில் நேர்ந்த அனர்த்தங்கள் இவை இரண்டு மட்டுமல்ல. 2002 ஆகஸ்டில் ஜோம்சோமிலிருந்து பொக்காரா திரும்பிய டுவின் ஒட்டர் விமானத்தில் 18 பேர் இறந்தனர், பெரும்பாலானோர் ஜேர்மனியர். 2012 மே மாதத்தில் ஜோம்சோமில் தரையிறங்க முயன்ற டோனியர் விமானம் மோதி 15 பேர் இறந்தனர். நேபாளத்தின் பிற பகுதிகளையும் சேர்த்தால் பட்டியல் நீளும். அவற்றுள் தமிழர்களை நேரடியாகப் பாதித்த ஒன்று உண்டு. 2011 செப்டெம்பர் 25ஆம் திகதி, எவரெஸ்ட் சிகரத்தை வானிலிருந்து பார்த்துவிட்டுக் காத்மண்டு திரும்பிக்கொண்டிருந்த புத்தா எயார் நிறுவனத்தின் சிறு விமானம், தரையிறங்குவதற்குச் சற்று முன்னர் மேகம் மூடிய குன்றொன்றில் மோதியது. உயிரிழந்த 19 பேரில் எண்மர் திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்றவர்கள். உலகின் அதி உயர் சிகரத்தைக் கண்டு திரும்பியவர்களின் பயணம், தலைநகரை அண்டிய ஒரு சிறு குன்றில் முடிவுற்றது.

நேபாளத்தின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை, விமான நிலையங்களை நடத்தி வருமானம் ஈட்டும் அமைப்பாகவும், விமான நிறுவனங்களின் பாதுகாப்பை மேற்பார்வை செய்யும் அமைப்பாகவும் ஒருசேரச் செயற்பட்டு வந்துள்ளது. சேவை நடந்தால் வருமானம். பாதுகாப்புக்காகச் சேவையை நிறுத்தினால் நட்டம். இவ்விரு கடமைகளையும் ஒரே நிர்வாகம் சுமப்பது முறையல்ல என்று சர்வதேச அமைப்புகள் நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளன. 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் நேபாள விமான நிறுவனங்கள் அனைத்தையும் தனது வான்பரப்பில் தடை செய்தது. அதிகார சபையை இரண்டாகப் பிரிப்பதற்கான சட்டமூலங்கள் நேபாளப் பாராளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. இதற்கிடையே 2023 ஜனவரியில், தாரா எயாரின் தாய் நிறுவனமான எட்டி எயார்லைன்ஸின் விமானம் பொக்காராவில் வீழ்ந்து 72 பேர் பலியாகினர். அது மேகத்தினாலோ மலையினாலோ நேர்ந்ததன்று. விமானியறையில் தவறான நெம்புகோல்கள் இயக்கப்பட்டு இரு இயந்திரங்களும் உந்துசக்தியை இழந்தமையால் நேர்ந்தது. எனினும் மேற்பார்வை பற்றிய கேள்வி அங்கும் எழாமலில்லை.

2022ஆம் ஆண்டு விபத்தை அடுத்து அதிகார சபை ஒரு விதியைக் கொண்டுவந்தது. கண்ணால் கண்டு செலுத்தப்படும் விமானங்களுக்கு, புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் மட்டுமன்றி, இடைவழி நெடுகிலும் வானிலை சாதகமாக இருந்தால் மாத்திரமே அனுமதி என்பதே அவ்விதி. நல்ல விதிதான். ஆனால் இடைவழியில் உள்ள பள்ளத்தாக்கில் இந்த நிமிடம் மேகம் எப்படியிருக்கிறது என்பதைச் சொல்வதற்கு அங்கே அவதானிப்பு நிலையங்களும் கமெராக்களும் வேண்டும். அலாஸ்கா மாநிலத்தின் மலைக் கணவாய்களில் வானிலைக் கமெராக்களை நிறுவி, புறப்படுவதற்கு முன்னரே விமானிகள் பாதையைப் பார்த்துத் தீர்மானிக்க அமெரிக்கா வழிசெய்திருக்கிறது. செலவு மிகுந்த வேலையன்று அது. இருபத்திரண்டு பேரைத் தேட அனுப்பப்படும் ஹெலிகொப்டர்களுடன் ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

முக்திநாத் செல்ல எண்ணும் வாசகர்களுக்கு ஒரு விடயத்தைக் கூற வேண்டும். பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குத் தரைவழிப் பாதை உண்டு. குண்டும் குழியுமான அப்பாதையில் ஜீப் வண்டியில் செல்ல ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் பிடிக்கும். மழைக்காலத்தில் மண்சரிவினால் அது தடைப்படுவதும் உண்டு. ஆகவே தரைவழியாயினும் வான்வழியாயினும், பயணத் திட்டத்தில் குறைந்தது இரண்டு உபரி நாட்களைச் சேர்த்துக்கொள்வது அவசியம். யாத்திரைக் குழுக்களை அழைத்துச் செல்லும் முகவர்கள் செலவைக் குறைப்பதற்காக இந்த நாட்களையே முதலில் வெட்டிவிடுகிறார்கள். மறுநாள் காத்மண்டுவில் சர்வதேச விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாற்பது பேர் பொக்காராவில் காத்து நிற்கும் காலையில், மேகம் விலகும் வரை காத்திருப்போம் என்று சொல்லும் விமானியைப் பார்த்து முதலில் குரல் உயர்த்துபவர்கள் பெரும்பாலும் அந்த நாற்பது பேருமே.